அம்மாவும் நானும் நாற்பது மலாய் வார்த்தைகளும்

மலேசியாவிலிருந்து ஊர் வந்து நாலு நாளாகிறது. அம்மாவுக்கு இருமல் இன்னும் முழுசாக விடவில்லை. ஆனாலும் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது "தெரிமா காசே" என்கிறாள், மலாயில் நன்றி என்று. தென்காசியில் எங்கள் தெருவில் அதற்குப் பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். அங்கே ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போகும் முன் எழுதி வைத்ததை இங்கே நாள் வாரியாகப் போடுகிறேன்.

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ்

மூன்று வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மலாய் படித்தேன். அம்மாவுக்கும் வாசிக்க வேண்டும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில், பக்கத்துக்கு ஒன்றாக நாற்பது வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. 'முடியும்' என்பதற்கு மலாயில் 'போலே'. உதட்டை அழுத்தி, 'ஐயோ பாவம்' என்று நாம் சொல்லும்போது 'பா'வில் வருமே, அந்த ஒலியில் தொடங்க வேண்டும். அம்மா எழுத்துக் கூட்டி, 'மயில் போல' என்பதில் வரும் 'போல' மாதிரியே வாசித்தாள். 'தெரிமா காசே'யை 'தெரியுமா காசி' என்று மனதில் நிறுத்திக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அவளுக்கு வயது 71, ஏறியது முதல் விமானம், வாங்கியது முதல் பாஸ்போர்ட். அப்பா இருந்திருந்தால் இது அவர் கூட்டிப்போக வேண்டிய பயணம். அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

பிரிக்பீல்ட்ஸில் நோட்டை வெளியே எடுக்கவே வேலை இல்லை. பூக்கட்டுகிறவர், வெற்றிலைக் கடைக்காரர், இட்லி பரிமாறுகிற பையன், எல்லாம் தமிழ். காலையில் சாப்பாட்டுக் கடையில் எங்கள் மேசையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராம், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"கேள்வியெல்லாம் சுத்தமா எழுதியிருக்கீங்கம்மா. அவங்க திருப்பிச் சொல்றது புரியுமா?" என்றார். நோட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, கடைக்காரர் பேசுகிற வேகத்தில் மலாயில் ஒரு வரி சொன்னார். எனக்கு 'டுவா' மட்டும் கேட்டது. இரண்டு. மீதி காற்றில் போய்விட்டது. "இரண்டரை ரிங்கிட், பொட்டலமா, இங்கேயே சாப்பிடறீங்களா, அவ்வளவுதான் சொன்னேன்" என்றார். இரண்டரைக்கு 'டுவா செத்தெங்ஙா'. பொட்டலத்துக்கு 'புங்குஸ்'. என் நாற்பதில் இரண்டுமே இல்லை.

"எண்ண மொதல்ல படிங்க. அப்புறம் இல்ல, தீந்துபோச்சு, அந்தப் பக்கம், கொஞ்சம் பொறுங்க. இதெல்லாம் உங்க காதுக்கு. வாய்க்கு அப்புறம் பாத்துக்கலாம்." எண் மட்டும் அவரே எழுதிக் கொடுத்தார்: சாத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா, எனாம், தூஜோ, லாப்பான், செம்பிலான், செபூலோ. பதினொன்று செபெலாஸ். அதற்கு மேல் டுவா பெலாஸ், தீகா பெலாஸ். இருபது டுவா பூலோ. ஒரு பிடி பிடித்தால் நூறு வரை ஓடிவிடுகிறது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். நான் 'நீங்கள்' என்பதற்கு செல்போன் பாடத்தில் கற்ற 'ஆண்டா'வை எழுதி வைத்திருந்தேன். "அது போர்டுல இருக்கும்மா, வாயில வராது. காக்கான்னா அக்கா, அபாங்னா அண்ணன், அம்மா வயசுன்னா மாக் சிக், பெரியவருன்னா பாக் சிக். நம்ம மாதிரிதான் அவங்களும், மொறை வச்சுத்தான் கூப்பிடுவாங்க." அம்மாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. யாரையும் முறை சொல்லாமல் கூப்பிடுவது அவளுக்கு வராது.

7 ஆகஸ்ட், புதன். கோத்தா பாரு

மலாய் பேசாமல் முடியாத ஊருக்குப் போகவேண்டும் என்றுதான் கிளந்தானைத் தேர்ந்தெடுத்தேன். கிழக்குக் கரையில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலம். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இறங்கியதும் அனல். தென்காசிச் சாரலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் புழுக்கம் முகத்தில் ஈரத்துணியைப் போட்டு மூடியது போல இருந்தது. இந்த மாதம் 31 அவர்களுக்குச் சுதந்திர தினம் என்பதால் சாலை முழுக்கக் கொடி.

பெயர்ப் பலகைகளில் ரோமன் எழுத்தோடு அரபு வரிவடிவமும் சேர்ந்து இருக்கிறது. ஜாவி என்கிறார்கள். காரில் வரும்போது ஒவ்வொரு பலகையாக அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். கெடாய், கெடாய், கெடாய்.

"கடைன்னுதானட்டி எழுதியிருக்கு, அதுக்கு ஏன் இந்தப் பாடு படுத?" என்றாள்.

கடைதான். கப்பல் இங்கே காப்பால், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி, குளம் கோலாம், வியாபாரத்துக்குப் போடும் முதல் மோடால். கப்பலில் போனவர்கள் எதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதை இந்தப் பட்டியலே சொல்கிறது. சரக்கு வைக்கப் பெட்டி, விற்கக் கடை, போட முதல், படுக்கக் கட்டில்.

கார் ஓட்டியவரிடம் நான் படித்து வைத்திருந்த மலாயில் பேசினேன். நல்லபடியாகப் புரிந்துகொண்டார். அவர் பேசியதுதான் எனக்கு ஏறவில்லை. 'ஆப்பா' என்றால் என்ன என்று படித்திருந்தேன். அவர் 'காப்போ' என்றார். மாக்கான் என்றால் சாப்பிடுவது. அவர் வாயில் அது 'மாக்கே'. மீன் ஈக்கான் இல்லை, 'ஈக்கே'. கிளந்தான் பேச்சு அப்படி. கோலாலம்பூர் மலாய்க்காரர்களே இங்கே வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டுமாம். "பெலான்-பெலான்" என்று கேட்டுக்கொண்டேன். மெதுவாக என்று பொருள். நாம் மெல்ல மெல்ல என்று இரட்டிப்பது போலவே அவர்களும் இரட்டிக்கிறார்கள். அதற்குப் பிறகு விடுதி வரும்வரை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். எங்கள் வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். என் தம்பி பெயர் லட்சுமணன் என்றதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மலாயில் 'லக்ஸமானா' என்றால் கடற்படைத் தளபதி. இங்கே தோல்பாவைக் கூத்திலும் ராமாயணம்தான், அதிலும் லக்ஸமானா வருகிறார் என்று சொன்னார். அம்மாவுக்கு நான் மொழிபெயர்ப்பதற்குள் அவளுக்கே பாதி விளங்கியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில்தான் அடி. அம்மா சைவம். முட்டையும் தொடமாட்டாள். விடுதிக்கு அடுத்த தெருவில் சோறும் கறிவகைகளும் தட்டில் நாமே எடுத்துக்கொள்கிற கடை. "எமாக் சாயா தாக் மாக்கான் டாகிங்" என்றேன், எங்கம்மா இறைச்சி சாப்பிடமாட்டாங்க என்று. கடைக்காரர் புரிந்துகொண்டு தேங்காய்ப் பாலில் வெந்த முட்டைக்கோஸைக் காட்டினார். "டாகிங் இருக்கா?" என்று கேட்டேன். "தாக் ஆடா, தாக் ஆடா." இல்லை, இல்லை. 'தாக் ஆடா' காதுக்கு எட்டியதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. தட்டை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாயில் அம்மா நிறுத்தினாள். விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கம்மல் திருகு அளவில், சிவப்பாகச் சுருண்ட காய்ந்த இறால். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாய் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் ஏசியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டாகிங் என்றால் இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழி அதில் அடங்காது, மீன் அடங்காது, இறால் அடங்கவே அடங்காது. நான் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் சத்தியமான பதில். கேள்விதான் தப்பு. ஒரு சொல்லை அகராதியில் பார்த்து எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்கு எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்தான் காட்டவேண்டும்.

பக்கத்து மேசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி, முக்காடு போட்டவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, அம்மாவுக்கு எது எது ஆகாது என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன் பில்லின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதினாள். டாகிங் கூடாது, ஆயாம் கூடாது, ஈக்கான், ஊடாங், தெலோர், ஈக்கான் பிலிஸ், பெலாச்சான், பூடு கூடாது. கோழி, மீன், இறால், முட்டை, நெத்திலி, இறால் விழுது, மீன் சாறு. கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, ஆனால் கிளந்தானில் எல்லாவற்றிலும் இருப்பவை என்று அந்த இரண்டின் கீழும் கோடு போட்டாள். அடியில் பெரிதாக 'சாயோர் சஹாஜா'. காய்கறி மட்டும். இந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் மீதி நாட்கள் ஓடியிருக்காது.

கடைக்காரர் அதை வாங்கி வாசித்ததும் முகம் மாறிவிட்டது. "மிந்தா மாஃப், மாக் சிக்" என்று அம்மாவிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். ஒரு சீப்பில் பாதி வாழைப்பழத்தைப் பிய்த்து எடுத்துவந்து வைத்தார். அம்மா தட்டுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்து "தெரிமா காசே" என்றாள். நோட்டிலிருந்து அவள் எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தெரிமா என்றால் பெற்றுக்கொள், காசே என்றால் அன்பு.

8 ஆகஸ்ட், வியாழன். சித்தி கதீஜா சந்தை

காலையில் ரொட்டி சானாய் கடை. ஒரு ரொட்டி ஒன்றரை ரிங்கிட், நம் காசில் 28 ரூபாய் பக்கம். கூடவே தருவது பெரும்பாலும் மீன் குழம்பு. சீட்டைக் காட்டிப் பருப்பு மட்டும் வாங்கினேன். அதற்கும் அவர்கள் சொல்வது 'டால்'தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 'தே ஓ கோசோங்': பால் இல்லாத, சர்க்கரை இல்லாத தேநீர். கோசோங் என்றால் வெறுமை. முட்டை போடாத ரொட்டியும் கோசோங். டெலிபோன் எண் சொல்லும்போது பூஜ்யமும் கோசோங். ஒரு வார்த்தையை நாலு இடத்தில் கேட்டால் அது அப்படியே தங்கிவிடுகிறது. தனியாக மனப்பாடம் செய்தது எதுவும் எனக்கு இப்படி ஒட்டவில்லை.

சந்தைக்கு நபிகளின் மனைவி கதீஜா பெயர். அவரும் வணிகம் செய்தவர். அதற்கு ஏற்றாற்போல உள்ளே விற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். நடுவில் எட்டுமுகக் கூடம், மேலே மஞ்சள் கூரை வழியாக வெயில் வடிந்து இறங்குகிறது. கீழே மேடை மேடையாகக் காய்கறியைக் குவித்து, அந்தக் குவியலுக்கு நடுவிலேயே பூப்போட்ட முக்காட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் கிழங்கு, லவங்கப்பட்டை, கட்டுக் கட்டாகப் பச்சை இலை, மீன் கருவாட்டு வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறது.

அம்மா ஒரு மேடைக்கு முன்னால் நின்றுவிட்டாள். "ஏட்டி, வல்லாரை!"

வல்லாரையேதான். இங்கே 'பெகாகா'. நாம் துவையல் அரைப்பதை இவர்கள் பச்சையாகச் சோற்றோடு கடித்துக்கொள்கிறார்கள். விற்பவர் அம்மாவைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். அம்மா ஒரு தண்டைக் கிள்ளி முகர்ந்து பார்க்க, அவர் தலையைத் தொட்டுக் காட்டினார், மூளைக்கு நல்லது என்று. அம்மாவும் தலையைத் தொட்டாள். இரண்டு பேரும் அதே சேதியைத்தான் அவரவர் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"பெராப்பா, காக்?" என்றேன். எவ்வளவு அக்கா.

"ஸெரியால் ஸாமா."

பெரியவர் எழுதிக் கொடுத்த எண்களில் இது எங்குமே இல்லை. முழித்தேன். அவர் ஒரு ரிங்கிட் நோட்டையும் ஐம்பது சென் காசையும் தன் டப்பாவிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கிளந்தானில் ரிங்கிட்டை ரியால் என்கிறார்கள். ஐம்பது சென் ஸாமா. பத்து சென் காசுக்கு ஸெகூப்பே. மூன்றையும் என்னைச் சொல்லவைத்து, சரியாக வரும்வரை விடவில்லை. பக்கத்து மேடைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு தன் காசை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அம்மாவை மேடை ஓரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் இஞ்சி பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது: "சுவாமி? சுவாமி மானா?"

அம்மாவுக்கு அது சாமி என்றுதான் கேட்டிருக்கும். சாமி எங்கே என்று கேட்கிறார் என நினைத்திருக்கிறாள். கொஞ்சமும் யோசிக்காமல், கும்பிடுகிறவள் எங்கேயும் செய்வது போல, வலது கையை உயர்த்தி மேலே காட்டினாள். மஞ்சள் கூரையை, அதற்கு மேல் வானத்தை.

மலாயில் சுவாமி என்றால் கணவன்.

அந்த அம்மாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். 'சாபார்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பொறுமை. அம்மா என்னைப் பார்த்தாள். "என்ன கேட்டா இவ? ஏன் கண் கலங்குதா?"

சொன்னேன்.

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அவள் தப்பாகப் புரிந்துகொண்டு காட்டிய பதில் தப்பே இல்லாத பதிலாகிவிட்டது. பிறகு தன் கையை உருவிக்கொள்ளாமல், இன்னொரு கையை அந்த அம்மாவின் கை மேல் வைத்தாள். "ஆமா தாயி" என்றாள், தமிழிலேயே.

இரண்டு கட்டு வல்லாரைக்குக் காசு கொடுத்தேன். பையில் மூன்று கட்டு இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் "தாக் ஆப்பா, தாக் ஆப்பா" என்று கையை அசைத்தார். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் அதிகம் கேட்ட சொல் இதுதான்.

மாடியில் சாப்பாட்டுக் கடைகள். நாசி கெராபு, நீலச் சோறு. சங்குப்பூவைப் பிழிந்த தண்ணீரில் வேகவைத்தால் அந்த நிறம் வருகிறது. அதன் மேல் மீன்தூளும் பூடுவும் இல்லாமல் இருக்காது. சீட்டை நீட்டினேன். கடைப்பெண் வரி வரியாக விரல் வைத்து வாசித்து, உள்ளே போய் அம்மாவுக்குச் சோறும் பயறு முளையும் பச்சை இலைகளும் வறுத்த தேங்காயும் மட்டும் வைத்துத் தந்தார். எனக்கு மீனோடு, 7 ரிங்கிட். அம்மாவுக்கு 3. நீலச் சோற்றைப் பார்த்துத் தயங்கினவள் சங்குப்பூ என்றதும் சாப்பிட்டாள். பெருமாளுக்குச் சாத்துகிற பூதானே.

9 ஆகஸ்ட், வெள்ளி

இங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். அதைத் தெரிந்துதான் வந்தேன், ஆனால் வெள்ளி நண்பகலில் ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாது. பன்னிரண்டரைக்கு வெளியே வந்தால் தொழுகைக்காக எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. இரண்டரை மணி வரை அப்படித்தான். 'தூத்தோப்' என்ற பலகையை ஏழெட்டு இடத்தில் வாசித்தேன். மூடியிருக்கிறது. அம்மா மாத்திரை போட்டுவிட்டாள், சாப்பிட்டாக வேண்டும். பையில் இருந்த வாழைப்பழமும் நேற்றைய வல்லாரையும்தான் மதியச் சாப்பாடு. விடுதிச் சிப்பந்தி கேள்விப்பட்டு, கேட்காமலே தன் வீட்டுச் சோற்றில் ஒரு கிண்ணமும் தயிர்ப் பொட்டலம் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். 'சூடா மாக்கான்?' என்று அவர் கேட்டதற்கு நான் 'பெலோம்', இன்னும் இல்லை, என்று சொல்லியிருந்தேன். சாப்பிட்டாச்சா என்று கேட்பது இங்கேயும் நலம் விசாரிப்புதான். 'ஆச்சு' என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. பெண்கள் வரிசையில் 'வனிதா' என்று பலகை. அம்மாவுக்கு அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷம். எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் பெயர் வனிதா. அதற்கப்புறம் கழிப்பறை வாசலிலும் அவளே பார்த்துச் சொல்லிவிடுவாள். கழிப்பறைக்கு 'தாண்டாஸ்', காசு தீகா பூலோ சென், முப்பது சென். நான் கைப்பையைத் திறக்கும் முன்பே அம்மா எண்ணி வைத்துவிட்டாள்.

பிறகு கடற்கரை. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். பந்தாய் சஹாயா பூலான், நிலவொளிக் கடற்கரை. முன்பு அதற்குப் பெயர் பந்தாய் சிந்தா பெராஹி, காதல் மயக்கக் கடற்கரை. பெயரை மாற்றியபோது முதலெழுத்துகள் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் பி.சி.பி. என்று அந்த மூன்று ரோமன் முதலெழுத்துகளைச் சொல்லித்தான் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். கடல் கரையை அரிக்காமல் இருக்கப் பெரிய பெரிய கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை அதில் மோதி எங்கள் மேல் தெறித்தது. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். மூங்கில் குழாயில் வேகவைத்த புட்டு விற்றது. அதற்கு இங்கேயும் பூத்துதான். நாட்டுச் சர்க்கரையும் தேங்காயும். அம்மா நாலு சாப்பிட்டாள், நான் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

10 ஆகஸ்ட், சனி

அலைத் தெறிப்பின் பலன் ராத்திரியே தெரிந்தது. அம்மாவுக்கு இருமல், விடியும்போது உடம்பும் சுட்டது. தும்பாட் பக்கம் நாற்பது மீட்டர் நீளத்தில் சயனத்தில் இருக்கும் புத்தர் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை. பத்து மணிக்கு இடி, அதன் பின் நிற்காத மழை.

குடையை இரவல் வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு நான் மட்டும் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாத்தோக் இருமல், டெமாம் காய்ச்சல், சாக்கிட் வலி, சாக்கிட் கெபாலா தலைவலி. கபாலம்தான் இங்கே கெபாலா. கடையில் ஒரு இளம்பெண். எமாக்குக்கு இருமல், நேற்று ராத்திரியிலிருந்து, காய்ச்சல் கொஞ்சம், வயது 71, சர்க்கரை உண்டு என்று சொன்னேன். சர்க்கரை நோய்க்கு 'கென்சிங் மானிஸ்' என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். அந்தப் பெண் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, சர்க்கரை சேராத சிரப் ஒன்றை எடுத்தார். என் முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னார்:

"மாக்கான் தீகா காலி செஹாரி, லெபாஸ் மாக்கான். கலாவ் தீகா ஹாரி தாக் பாயிக், ஜும்பா டாக்டர்."

ஒரு நாளைக்கு மூன்று தடவை, சாப்பிட்ட பிறகு. மூன்று நாளில் குணமாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

முழுவதும் புரிந்தது. ஒரு சொல்கூட விடாமல். மருந்தையும் அவர்கள் 'மாக்கான்' என்றே சொல்கிறார்கள், நாம் மருந்து சாப்பிடுவது மாதிரி. அவர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன், சரியா என்று. "பெதோல்" என்றார். சரி. எனக்கு அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. வேற்று நாட்டில், கொட்டுகிற மழையில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில், ஒருவர் சொல்லும் மருந்து வேளை தெளிவாகப் புரிகிறது என்பது எவ்வளவு பெரிய பலம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சிரப் 14 ரிங்கிட் 50 சென். மனதுக்குள் 'ஸாமா' என்று சொல்லிக்கொண்டேன்.

விடுதியில் வெந்நீர் கேட்டால் 'பானாஸ்' என்று கொதிக்கக் கொதிக்கத் தந்தார்கள். குடிக்கும் சூட்டுக்கு 'ஆயேர் சுவாம்' என்று கேட்கவேண்டும். மதியம் கஞ்சி. அதையும் மாடியிலிருந்தே, கஞ்சி என்றே சொல்லி வாங்கினேன்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டதும் அம்மா நோட்டைக் கேட்டாள். நாற்பது பக்கமும் தீர்ந்து அட்டையின் உள்பக்கமெல்லாம் எழுதியிருந்தேன். "போயிட்டு வாரேன்னு எப்படிச் சொல்லணும்?" என்றாள். 'பெர்கி டூலூ' என்று இருந்ததை வாசித்துக் காட்டினேன். முதலில் போகிறேன் என்று பொருள், இங்கே கிளம்பும்போது சொல்வது.

"இதுல வாரேன் எங்க இருக்கு?"

இல்லைதான். எங்கள் வீட்டில் வாசல்படி தாண்டும்போது யாரும் 'போறேன்' என்று முடித்ததில்லை. அப்பா சந்தைக்குப் போனாலும் வாரேன்தான். விடுதிச் சிப்பந்தியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். 'நந்தி டாத்தாங் லாகி.' பிறகு மறுபடி வருகிறேன். அம்மா இருமலுக்கு இடையில் பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பாள்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இங்கே ஞாயிறு வேலைநாள். ஊர் பழையபடி பரபரப்பாக இருந்தது, மழை கழுவிவிட்ட வெயில். விமானம் மதியம்தான். அம்மா சந்தைக்குப் போகவேண்டும் என்றாள்.

வல்லாரைக்கார அம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அம்மா இருமியதைக் கேட்டு, பக்கத்து மேடையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். எப்படிப் போடுவது என்று கையாலேயே இடித்துக் காட்டினார். வெந்நீர், இஞ்சி, கொஞ்சம் கருப்பட்டி. அம்மாவுக்குத் தெரியாததா. ஆனாலும் புதிதாகக் கேட்பவள் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். குற்றாலநாதர் கோயில் குங்குமம் இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன், அவருக்கு அது எப்படிப் படுமோ என்று. இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய், ஒரு கைப்பிடி. அவர் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கார் வந்து காத்திருந்தது. அம்மா எழுந்து நின்று, நோட்டைப் பார்க்காமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நந்தி... டாத்தாங்... லாகி, தாயி."

அவர் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, "இன்ஷா அல்லா, காக்" என்றார். அதை அம்மா என்னிடம் கேட்கவில்லை. காரில் ஏறிய பிறகு இஞ்சிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். காகிதத்துக்குள் இஞ்சியோடு ஒரு கட்டு வல்லாரையும் இருந்தது.